அவள் தூங்கிய இரண்டு மணி நேரம்

மிஷன் ஞாயிறன்று எங்கள் ஆலயத்தில் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். நாங்கள் ஊழியத்துக்குப் போகும் கிராமத்திலிருந்து ஒருவர் வந்து மைக்கைப் பிடித்து, முன்பு எப்படி இருந்தேன், இப்போது எப்படி இருக்கிறேன் என்று ஐந்து நிமிடம் பேசுவார். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகுதான் சபை வேன் அடுத்த வருடம் எந்த ஊருக்குப் போகும் என்று குழு முடிவு செய்யும். அந்தச் சாட்சியை எழுதிக் கொடுப்பது என் வேலை. கல்லூரியில் படித்தவள், கையெழுத்து நன்றாக இருக்கும், சொன்ன வேலையைத் தட்டமாட்டேன். மூன்றுக்கும் சேர்த்துக் கிடைத்த பொறுப்பு அது.

எங்கள் சபை மணவாள நகரில் இருக்கிறது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை பெரியபாளையம், கவரைப்பேட்டை வழியாக எளாவூர் தாண்டி ஒரு கிராமத்துக்குப் போவோம். அங்கே முன்பு வயலில் கூலி வேலை பார்த்த குடும்பங்கள் இப்போது கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒப்பந்த வேலை பார்க்கின்றன. கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். எட்டு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ கழித்துக் கொண்டுவந்து இறக்கிவிடும். நாங்கள் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்போம், பெரியவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்ப்போம், பெண்களைக் கூட்டி ஜெபம் நடத்துவோம். என் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. அவளையும் தூக்கிக்கொண்டுதான் போவேன். கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர், காய்ச்சல் மருந்து, தெர்மாமீட்டர், மாற்றுத் துணி இரண்டு செட். வேனில் எல்லாரும் பாட்டுப் பாடும்போது நான் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த ஊரில் ஒரு பெண் ஜெபத்துக்கே வரமாட்டாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் டியூஷனுக்கு முதல் ஆளாக வந்துவிடும். அம்மா எங்கே என்றால் வீட்டில் என்று சொல்லும். ஒருநாள் நாங்கள் நான்கு பெண்கள் அவள் வீட்டுக்கே போனோம். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஐந்து நிமிடம் தட்டியிருப்போம். கலைந்த முடியும், கன்னத்தில் பதிந்த பாய்க்கோடுமாக அவள் வந்து நின்றாள். எங்களில் மூத்த அம்மா அவள் தலையில் கை வைத்து, "ஆண்டவரே, இந்தச் சகோதரிக்கு இளைப்பாறுதல் தாரும்" என்று உருக்கமாக ஜெபித்தார். அவள் நின்றபடியே கண்ணை மூடினாள். ஜெபத்துக்காக மூடினாளா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

ஆமென் சொன்னதும், "முடிஞ்சிச்சா?" என்று கேட்டாள்.

மற்றவர்கள் நகர்ந்ததும் நான் மட்டும் நின்றேன். தவறு செய்துவிட்டோம் என்று தோன்றியது. என்ன தவறு என்று புரியவில்லை. அவளே சொன்னாள்.

"நைட் ஷிப்ட் முடிஞ்சி ஏழு மணிக்கு வரேன். தண்ணி புடிக்கணும், சோறாக்கணும். சனிக்கெயமைன்னா இதுங்க ரெண்டும் ஊட்லயே கீதுங்க. எங்க தூங்கறது? நீங்க வந்து புள்ளைங்கள இட்டுக்கினு போனாத்தான் ரெண்டு மணி நேரம் கண்ண மூடறேன். அதுலயும் வந்து கதவத் தட்றீங்களே டீச்சர்."

அவள் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். ஒரு கம்பெனி கேன்டீனில் இரவு முழுக்கப் பாத்திரம் கழுவும் வேலை. டீச்சர் என்று கூப்பிட்டாலும், பழகிய பிறகு நீ போட்டுத்தான் பேசுவாள். என் மகள் பிறந்து முதல் வருடம் நான் தூங்காமல் இருந்த இரவுகள் எனக்கு நினைவிருந்தன. அடுத்த முறையிலிருந்து நான் அவள் வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பாடம் எடுத்தேன். யாராவது கதவைத் தட்டப் போனால், "அக்கா இல்லை" என்று சொல்லிவிடுவேன். அதுவும் பொய்தான். அதற்காகவும் இரண்டு நாள் மனதுக்குள் உழன்றிருக்கிறேன்.

இந்த வருட மிஷன் ஞாயிறுக்கு இரண்டு வாரம் முன்பு குழுச் செயலர் என்னை அழைத்தார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். எனக்கு அவரிடம் பயமும் மரியாதையும் உண்டு.

"எளாவூர் பக்கம் பலனே இல்லைன்னு குழுவுல பேச்சும்மா. ஊத்துக்கோட்டை பக்கம் ஒரு ஊர்ல கூப்பிடறாங்க. நல்ல சாட்சி ஒண்ணு வந்தா வேன் அங்கேயே போகும். இல்லேன்னா மாத்திடுவாங்க. அந்தக் கேன்டீன் பொண்ணோட புருஷன் குடியை விட்டுட்டானாமே. அதை எழுது. நல்லாப் போய்ச் சேரும்."

நான் எழுதினேன். மூன்றாவது வரியில், "என் கணவர் குடியை விட்டுவிட்டார்." எழுதியதை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை அவளிடம் போனேன். படித்துக் காட்டியதும் சிரித்தாள்.

"காமாலைல படுத்துகினு இருந்தப்ப நாப்பது நாள் வுட்டான். எழுந்து நின்னதும் மொதல்ல நடந்து போனது எங்கன்னு நெனைக்கற? கடைக்குத்தான். நான் அங்க வந்து இப்டி சொன்னன்னா, ராத்திரிக்கு வந்து, 'ஏண்டி, நான் வுட்டுட்டனாமே, அப்ப இன்னிக்கி குடிச்சது யாரு, உங்க பாஸ்டரா'ன்னு கேப்பான்."

"அக்கா, சாட்சி சரியா வரலைன்னா வேன் நின்னுடும்" என்றேன்.

சிரிப்பு நின்றது. "நின்னுடுமா?"

வெளியே அவளுடைய மகள் என் மகளுக்குப் பலகையில் பூ வரைந்து காட்டிக்கொண்டிருந்தாள். அக்கா அதையே பார்த்தாள்.

"உங்க கோயில்ல நடக்கறதெல்லாம் எம் பொண்ணு பக்கத்து ஊட்டு போன்ல பாக்குது டீச்சர். பொய் சொல்லக் கூடாதுன்னு அதுக்கு நீதான பாடம் எடுத்த? நான் தூங்குனேன்னு சொல்றேன். அது நெசம். அத எய்திக்கோ."

பழைய வரியை அடித்து, அதே தாளில் அவள் சொன்னபடி மாற்றி எழுதிக் கொடுத்தேன். செயலர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னம்மா இது, தூங்குனாளா? தூங்க வைக்கவா இவ்ளோ தூரம் வேன் விட்டோம்?"

சிவப்புப் பேனாவால் அதை அடித்துவிட்டு, பழைய மூன்றாவது வரியைத் தன் கையால் எழுதினார். சரி சார் என்றுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து, வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமோ என்று நினைத்தேன். அவர் பெரியவர், அவருக்குத் தெரியாதா என்றும் நினைத்தேன்.

ஞாயிறு காலை அவளிடமிருந்து குரல் செய்தி வந்தது. பின்னால் பாத்திரச் சத்தம். "டீச்சர், ஆள் கம்மின்னு சூப்ரவைசர் நிறுத்தி வெச்சிட்டான். பகலுக்கும் வேலை. நீயே சொல்லிடு. தூங்குனத சொல்லு."

செயலரிடம் சொன்னேன். அவர் தட்டச்சு செய்த தாளை என் கையில் கொடுத்தார். "பரவால்ல. அவ சார்பா நீ படி. நான் நான்னே படி."

மகள் இறங்க மறுத்ததால் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே மேடையேறினேன். எதிரே முக்காலியில் நேரலைக்கான போன். முதல் இரண்டு வரிகளைப் படித்தேன். மூன்றாவதில் நின்றுவிட்டேன்.

படித்துவிட்டால் வேன் போகும். அவள் தூங்குவாள். யாருக்கு என்ன நஷ்டம்? படிக்காவிட்டால் அவள் தூக்கத்தைக் கெடுப்பவள் நான்தான், கதவைத் தட்டிய அன்று போலவே. இரண்டு நியாயங்களும் சரியாகத்தான் தோன்றின. ஆனால் அந்தப் போனுக்கு மறுபக்கம் எளாவூர் தாண்டி ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். தன் அப்பா நேற்று எந்த நிலையில் வீட்டுக்கு வந்தார் என்பது எங்கள் எல்லாரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"இந்த வரி உண்மையில்லை" என்றேன். "முதலில் எழுதியது நான்தான். அந்த அக்கா இதைச் சொல்லச் சொல்லவில்லை. அவர் சொல்லச் சொன்னது வேறு. நாம் போகும் சனிக்கிழமைகளில் அவர் இரண்டு மணி நேரம் தூங்கினார். நாம் செய்ததில் அவருக்கு உதவியது அது ஒன்றுதான். அதையும் ஒருநாள், இளைப்பாறுதல் தாரும் என்று ஜெபிக்கப் போய், நாமே எழுப்பிக் கெடுத்தோம்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். செயலர் பக்கத்தில் வந்து, "சரிம்மா, போதும், ஸ்தோத்திரம்" என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

"இன்னும் முடிக்கலை சார்."

மகளை இடுப்பில் ஏற்றிப் பிடித்துக்கொண்டேன். "வேனை நிறுத்தாதீர்கள். முடிந்தால் எல்லாச் சனிக்கிழமையும் அனுப்புங்கள். அவர் மாதிரி அந்த ஊரில் இன்னும் பலர் இருக்கிறார்கள். யாரும் குடியை விடாவிட்டாலும் அனுப்புங்கள்."

ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது செயலரின் மனைவி என் கையைப் பிடித்தார். "சபை மானத்தையே வாங்கிட்டியே பாப்பா." என் கணவர் பைக்கைக் கிளப்பியபடி, "தண்ணி பாட்டில எடுத்துக்கினியா?" என்று மட்டும் கேட்டார். அன்று அதற்கு மேல் யாரும் எனக்கு ஆறுதல் எதுவும் தரவேண்டியிருக்கவில்லை.

குழு வேனை ஊத்துக்கோட்டைப் பக்கம் மாற்றியது. உண்மையைச் சொன்ன பெருமை எனக்கு, தூக்கம் போனது அவளுக்கு. அந்தக் கணக்கு எப்படிப் பார்த்தாலும் தீரவில்லை. அதனால் அடுத்த சனிக்கிழமை மகளைத் தூக்கிக்கொண்டு திருவள்ளூர் ஸ்டேஷனுக்குப் போனேன். பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி தாண்டிப் போகும் வண்டிக்கு மாறி, எளாவூரில் இறங்கி, ஊருக்கு ஷேர் ஆட்டோ பிடித்தேன். போகிறேன் என்று செயலருக்குச் சொல்லியிருந்தேன். வழியிலேயே அவரிடமிருந்து செய்தி வந்தது: இது சபை ஊழியமல்ல, சபை பெயரைப் பயன்படுத்த வேண்டாம். 'சரி சார்' என்று பதில் அனுப்பினேன். பெயர் இல்லாமலும் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்க முடியும்.

அவள் வாசலில் நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"வண்டி வராதாமே?"

"ரயில்ல வந்தேன் அக்கா."

"பைத்தியமா நீ, இம்மாந்தூரம் கொயந்தைய தூக்கிக்கினு." என் தோளில் தூங்கி விழுந்துகொண்டிருந்த மகளை வாங்கிக்கொண்டாள். "இன்னா பேஜாரு புடிச்ச டீச்சர்டி உங்கம்மா" என்று அவளிடம் சொன்னாள். உள்ளே பாயில் கிடத்தி, தானும் பக்கத்தில் படுத்துக் கதவைச் சாத்தினாள்.

தெர்மாமீட்டர் என் பையில் இருந்தது. மகள் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று கை பரபரத்தது. தட்டவில்லை. பிள்ளைகளை வேப்பமரத்தடியில் உட்காரவைத்தேன்.

அந்த ஊரில் எங்கள் ஜெபத்துக்குத் தவறாமல் வரும் பெரியவர் ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். "இன்னாம்மா, இன்னிக்கி ஜெபம் இல்லியா?"

"இல்லை ஐயா. தூங்கறாங்க. மெதுவாப் பேசுங்க."