தெரிந்துவிட்ட கோப்பு

வெள்ளவத்தையில் மேசை வாடகைக்கு எடுத்து நான் வேலை செய்த அறையில், யன்னலோரம் ஒரு பெண் இருப்பார். குட்டையாக வெட்டிய நரைமுடி. திரையில் வருவதையெல்லாம் மெல்ல வாய்விட்டு வாசிப்பார்.

நிரலில் நான் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளிடம், என் பாஸ்வேர்ட் கோப்பைக் கவனிக்க வேண்டாமென்று இக்னோர் பட்டியலில் எழுதியிருந்தேன். அது கேட்கவில்லை; அந்தக் கோப்பையும் தொடர்ந்து பதிந்தது. பின்னேரம் வாடிக்கையாளருக்கு எல்லாவற்றையும் அனுப்ப வேண்டும். பதறி யன்னலோரப் பெண்ணிடம் போய்ச் சொன்னேன்.

“பட்டியல் எழுத முந்தியே அதைச் சேர்த்திட்டீங்களோ?”

“ஓம் அக்கா.”

“அப்ப கிட்டுக்கு அது தெரிஞ்ச ஆள். முதல்ல மறக்கச் சொல்லுங்கோ, பிறகு பட்டியலைக் கேக்கும். பாஸ்வேர்டையும் மாத்துங்கோ. பழைய பதிவில அது கிடக்கும்.”

இரண்டையும் செய்தேன். வேலை நேரத்துக்கு முடிந்தது.

“பார்க்காமலே எப்பிடி அக்கா கண்டுபிடிச்சனீங்கள்?”

“நான் ஒருக்கா பாஸ்வேர்டோடயே அனுப்பினனான்” என்று சிரித்தார்.

யாருக்கு என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. இன்றும் புதுவேலை தொடங்கினால், அந்தச் சிரிப்பை நினைத்தபடி பட்டியலைத்தான் முதலில் எழுதுகிறேன்.