காந்தம் ஒட்டாத வாஷர்

அந்த நாற்பது ஈயச் சிப்பாய்களையும் பழைய பனியன் துணியில் சுற்றி, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு அவர் என்னிடம் நீட்டியபோது நான் வாங்கியிருக்கக் கூடாது. இப்போது சொல்கிறேன். அன்றைக்கு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பால் பண்ணைகளுக்குத் தொட்டி செய்கிற கம்பெனி எங்களுடையது. சிப்பாய்களைத் தந்தவர் அங்கே ஸ்டோர்ஸில். நான் வருகிற சரக்கைச் சோதிக்கிற ஆள். நாலு வயது மூத்தவர் என்பதால் அவரை அண்ணா என்பேன். ஆந்திர எல்லையில் இருக்கிற ஊத்துக்கோட்டைக்காரர், அதனால் எல்லாரையும் கூப்பிடுவது போல என்னையும் நைனா என்பார். இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம்: மேஜைமேல் சின்னச் சின்னச் சிப்பாய்களை நிறுத்தி, இஞ்சு டேப்பால் தூரம் அளந்து, டைஸ் உருட்டிப் போர் நடத்துவது. ஒரு சிப்பாய் கட்டைவிரலில் பாதி உயரம். வாங்கும்போது வெறும் ஈயமாக வரும், பெயின்ட் நாம்தான் அடிக்க வேண்டும். நான் அடித்தால் காம்பவுண்டுச் சுவருக்கு வெள்ளையடித்த மாதிரி இருக்கும். அவர் அடித்தால் புருவம் தெரியும்.

நாற்பதையும் முடிக்க அவருக்கு மூன்று வருஷம் ஆனது. முடித்த கையோடு சர்க்கரை கண்ணில் வேலையைக் காட்டியது. மாதம் ஒரு ஊசி, கண்ணிலேயே. “கொஞ்சம் மங்கலு, அவ்ளோதான். ஊசி போட்டா சரியாப் பூடும்,” என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஆனால் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார். இனி அவர் கையால் இன்னொரு சிப்பாய் வராது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இந்த நாற்பதில் ஒன்று கெட்டால் கெட்டதுதான்.

சிக்கல் பேஸில் இருந்தது. சிப்பாயின் காலடியில் ஒட்டுகிற தட்டைத்தான் பேஸ் என்போம். ஒரு விதிப்புத்தகம், ஒவ்வொருவனும் தனி வட்டத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லும். இன்னொன்று, பத்துப் பேர் தோளோடு தோள் சேர்ந்து ஒரே செவ்வகமாக நகர வேண்டும் என்று சொல்லும். வசதி உள்ளவர்கள் இரண்டு படை வைத்துக்கொள்கிறார்கள். இவரோ ஆரம்பத்தில் யாரோ சொன்னார்கள் என்று நாலு நாலு பேராகப் பிளைவுட் பட்டையில் இன்ஸ்டன்ட் பசையால் ஒட்டித் தொலைத்திருந்தார். அந்த அளவு இப்போது யாருடைய விதிக்கும் சேராது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து இரண்டு பேர் என் வீட்டுக்கு ஆட வருவதாக இருந்தது. காலையில் தனித்தனி ஆட்டம், சாப்பாட்டுக்குப் பிறகு அணிவகுப்பு ஆட்டம்.

“ரெண்டுத்துலயும் என் பசங்க எறங்கணும் நைனா. ஒரு தபா பாத்துட்டாப் போதும் எனக்கு,” என்றார்.

“என்கிட்ட உடுங்கணா,” என்றேன் நான், பெரிய இவன் மாதிரி.

என் யோசனை இதுதான். ஒவ்வொரு சிப்பாயையும் ஒரு வாஷர்மேல், அதாவது போல்ட்டுக்கு அடியில் போடுகிற வட்டத் தகட்டின்மேல், ஒட்டிவிடுவது. பத்துப் பேர் நிற்கிற அளவுக்கு ட்ரே செய்து, அதன் தளத்தில் காந்த ஷீட் விரிப்பது. அணிவகுப்பு ஆட்டமா, ட்ரேயில் வைத்தால் காந்தம் பிடித்துக்கொள்ளும். தனி ஆட்டமா, பிடுங்கி எடுத்தால் வட்டம் தயார். நாளைக்கு மூன்றாவதாக ஒரு விதிப்புத்தகம் வந்தாலும் ட்ரேயை மட்டும் மாற்றினால் போதும். படையை ஒரே புத்தகத்துக்குக் கட்டிப்போடுகிறவனைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

முதலில் பழைய பட்டையிலிருந்து பிரிக்க வேண்டும். குளிரில் இன்ஸ்டன்ட் பசை விட்டுப்போகும் என்று பட்டைகளை ஃப்ரீசரில் வைத்தேன்.

“இன்னாங்க இது? மீன் வைக்கிற எடத்துல பொம்மைய வச்சிகினு கீறீங்க?” என்றாள் என் மனைவி.

“பொம்மைன்னு சொல்லாத. அது அண்ணனோட கண்ணு,” என்று எரிந்து விழுந்தேன். அவள் மீனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஹாக்ஸா பிளேடின் முனையைக் காலடியில் நுழைத்து நெம்புவேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். விட்டது பசையா, கணுக்காலா என்று குனிந்து பார்ப்பேன். நாற்பது தடவை அப்படி. நாலு சாயங்காலம் ஆனது. ஒரு பொட்டுப் பெயின்ட்கூட உதிரவில்லை. எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

கம்பெனி வேலையாகக் காக்களூர் போனபோது ஒரு போல்ட் கடையில் வாஷர் கேட்டேன். இரும்பா, எஸ்.எஸ். என்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்றார் கடைக்காரர். நம்ம பக்கத்து உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடித்துவிடும், எஸ்.எஸ். கொடுங்கள் என்றேன். சட்டைப்பையில் எப்போதும் இருக்கிற காந்தத்தை எடுத்து ஒரு வாஷரில் வைத்தேன். ஒட்டவில்லை. நல்ல சரக்கு என்று திருப்தியாக நாற்பது வாங்கிக்கொண்டேன்.

பன்னிரண்டு வருஷமாக என் பிழைப்பே அதுதான். லாரியில் எஸ்.எஸ். தகடு வந்து இறங்கினால் காந்தத்தை வைப்பேன். ஒட்டினால் கலப்படம், திருப்பி அனுப்பு. ஒட்டாவிட்டால் அசல், கையெழுத்துப் போடு. காந்தம் வழுக்கிக்கொண்டு போனால் என் கைக்குத் தானாகவே ஒரு சந்தோஷம் வரும். அந்தக் கை கடையிலும் சந்தோஷப்பட்டது. இரண்டு ட்யூப் கலக்கிற பசையால், இனி எந்த ஃப்ரீசராலும் பிரிக்க முடியாதபடி, நாற்பது பேரையும் ஒட்டினேன்.

சனிக்கிழமை முதல் ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். பத்துப் பேரை ட்ரேயில் அடுக்கினேன். மனைவியைக் கூப்பிட்டு, “இப்ப பாரு,” என்று ட்ரேயைத் தூக்கிச் சாய்த்தேன்.

பத்துப் பேரும் மொசைக் தரையில் கொட்டினார்கள்.

காந்தத்தில் நிற்க வேண்டியவர்களுக்குக் காந்தம் ஒட்டாத வாஷராகப் பார்த்து வாங்கியிருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது. என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் முழங்காலிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தந்தாள். ஒன்பது பேருக்கு ஒன்றும் ஆகவில்லை, வளைந்த வேல்கம்புகளை நிமிர்த்தினால் சரி. வேல்கம்பை உயரத் தூக்கிப் பிடித்த பத்தாவது ஆள் முகம் குப்புற விழுந்திருந்தான். நெற்றியிலிருந்து தாடைவரை பெயின்ட் செதிலாகப் பெயர்ந்து, வெறும் ஈயம் மினுங்கியது. நான் பெயின்ட் அடித்து மறைக்கலாம். மறைத்தால் இன்னும் அசிங்கமாகத் தெரியும்.

வாஷரைக் கழற்றப் போனால் கணுக்கால் போய்விடும். அதனால் வயர் ஓட்டுகிற கேசிங் பட்டியை நறுக்கி, ட்ரேக்களுக்கு நாலு பக்கமும் வரப்பு மாதிரி விளிம்பு கட்டினேன். சிப்பாய்கள் உள்ளே சும்மா நின்றார்கள். சாய்க்காமல் நகர்த்தினால் விழவில்லை. உண்மையைச் சொன்னால் முதலிலேயே இப்படிச் செய்திருக்கலாம், காந்தமே வேண்டியதில்லை. முகம் போனவனைப் பின்வரிசையில் சொருகினேன். நாளைக்கு ஆட்டம் முடிந்ததும் சொல்லிவிடுவது என்று மனதுக்குள் வாக்கியங்களைக் கட்டி வைத்தேன்.

ஞாயிறு காலை அவர்தான் முதலில் வந்தார், இஸ்திரி போட்ட சட்டையில். காலை ஆட்டம் முழுக்க நான் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கீறல் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற ஆள் அவர். டேப் பிடிப்பதையும் டைஸ் எண்ணுவதையும் என்னிடமே விட்டுவிட்டார். வீட்டுக்காரனுக்குத் தருகிற மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். சாப்பிட உட்கார்ந்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு ட்ரேக்களைக் கொண்டுவந்து வைத்தேன்.

“காந்தம்னு சொன்னியே, டக்குன்னு புடிக்கும்னு?” என்றார்.

“அண்ணா, அதுல ஒரு விஷயம்...” என்று ஆரம்பித்தேன்.

அதற்குள் அவர் விரல் பின்வரிசையைத் தடவிக்கொண்டே போய், வேல்கம்பை உயரத் தூக்கிப் பிடித்திருந்தவனிடம் நின்றது. அவனேதான். எடுத்து, கண்ணுக்கு மிகக் கிட்டே, மூக்கில் இடிக்கிற அளவுக்குக் கொண்டுபோனார்.

“இவன் மூஞ்சியப் பாரு நைனா. இதுக்கே ரெண்டு ஞாயித்துக்கெழம ஆச்சு. கண்ணு எப்டி வந்துகீது பாத்தியா?”

சென்னைக்காரர்களில் ஒருவர் எட்டிப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டார்.

“சூப்பரா வந்துகீதுணா,” என்றேன்.

“இவனப் போயி பின்னால வச்சிருக்கியே,” என்று சிரித்தார். விரலால் விளிம்பைத் தேடி, முன்வரிசையின் நடுவில் இடம் பண்ணி, எல்லாரும் பார்க்கும்படி அவனை நிறுத்தினார். கட்டி வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றையும் நான் சொல்லவில்லை. எத்தனை மாதமாகப் பார்வை இப்படி என்று கேட்கவும் வாய் வரவில்லை.