வெள்ளிமலையில் நடைப்பயிற்சி

என் மனைவிக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்தபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "கணையம்னா எங்க இருக்குது டாக்டர்?" என்பதுதான். புதுச்சேரி மருத்துவமனையில் டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். இரைப்பைக்குப் பின்னால் படுத்துக் கிடக்கும் உறுப்பு. அதன் வால் பக்கம் கட்டி. அந்த வாலையும் கூடவே மண்ணீரலையும் எடுக்க வேண்டும். அவள் வீட்டில் துணி தைப்பவள். படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "ஓரத்துலதான் இருக்குது. வெட்டிட்டு மடிச்சு தையல் அடிச்சிடலாம்" என்றாள். டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஆபரேஷனுக்கு ஒரு மாதம் இருந்தது. மண்ணீரல் போனால் தொற்று எளிதில் வரும் என்று தடுப்பூசி போட்டார்கள். தினமும் நடக்கச் சொன்னார்கள். மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்துகள் உள்ள பிளாஸ்டிக் கருவி கொடுத்தார்கள். குழாயை வாயில் வைத்து மூச்சை இழுத்தால் பந்துகள் எழும்ப வேண்டும். அவள் சீக்கிரமே மூன்றையும் தூக்கி நிறுத்திவிட்டாள். துணைக்கு இருக்கட்டும் என்று நானும் ஒன்று வாங்கி இழுத்தேன். மூன்றாவது பந்து அசையவே இல்லை.

"ஆபரேஷன் எனக்கா, உங்களுக்கா?" என்று கேட்டுவிட்டுத் தைக்கப் போனாள்.

நடைதான் சிக்கல். கள்ளக்குறிச்சியில் செருப்புக் கடை வைத்திருக்கும் எனக்கு ஊரெல்லாம் தெரிந்த முகம். போகிற வழியெல்லாம் யாராவது நிறுத்தி, முகத்தைத் தொங்கப்போட்டு விசாரிப்பார்கள். தியாகதுருகத்திலிருந்து வந்த என் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அக்காவைத் தேற்றி, டீ போட்டுக் கொடுத்து, பஸ் ஏற்றி அனுப்பியது நோயாளிதான்.

"இன்னாங்க, ஆறுதல் சொல்லியே நான் எளைச்சிடுவேன். தெரிஞ்சவங்க இல்லாத எடத்துக்குக் கூட்டிக்கினு போங்க."

கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, கல்வராயன் மலை பஸ்ஸில் வெள்ளிமலைக்குப் போனோம். குளிர்ந்த காற்றில் மரவள்ளிக் காட்டோரம் நடந்தோம். அங்கே களை பறித்துக்கொண்டிருந்த பெண் எங்களையே பார்த்துவிட்டு, "வழி தெரியாம சுத்திக்கினு இருக்கீங்களா?" என்றாள்.

"இல்லக்கா. வயித்துல கட்டி. எடுக்கறதுக்கு முன்ன நடக்கச் சொல்லியிருக்காங்க."

"அப்ப நடங்க. அந்தாண்ட மேடு ஜாஸ்தி, இந்தாண்ட போங்க."

அவ்வளவுதான். என் மனைவிக்கு அந்தப் பதில் ரொம்பவும் பிடித்துவிட்டது. அந்த மாதத்தில் இன்னும் சில முறை போனோம். கடைசி முறை மலையிலிருந்து இறங்கும்போது, பஸ்ஸில் என்னைத் திரும்பிப் பார்த்து, "பயமா இருக்குதா?" என்றாள்.

"இருக்குது."

"எனக்கும்தான். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பயப்பட வேணாம். மாத்தி மாத்தி பயப்படலாம்."

ஆபரேஷன் அன்று என் முறை. உள்ளே அவள் மயக்கத்தில் இருந்தாள். வெளியே நான் தெரிந்த துவாவையெல்லாம் ஓதினேன், பாதியில் மறந்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். சாயங்காலம் டாக்டர் வந்து, கட்டியை முழுதாக எடுத்துவிட்டதாகச் சொன்னார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கணையத்தை வெட்டிய இடத்தில் நீர் கசிவது நிற்கவில்லை. அதை வெளியேற்ற வயிற்றில் வைத்த ஒரு குழாயோடுதான் வீட்டுக்கு வந்தாள். குழாயை எடுத்தபோது கட்டியின் பரிசோதனை முடிவும் வந்திருந்தது: மெதுவாக வளரும் வகை, பரவவில்லை, அவ்வப்போது ஸ்கேன் பார்த்தால் போதும். கணையம் குறைந்துபோனதால் இப்போது சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறாள்.

பாவாடை நாடா தழும்பில் உரசியதால், பாவாடை கட்டத் தேவையில்லாதபடி உள்துணி வைத்த நைட்டி ஒன்றைத் தனக்குத் தைத்துக்கொண்டாள். தெருப் பெண்கள் பார்த்துவிட்டு அதேபோல் வேண்டுமென்று துணியோடு வருகிறார்கள். அளவெடுக்கும்போதே ஆபரேஷன் கதையையும் சொல்கிறாள். அதில் நான் மயங்கி விழுந்ததாக ஒரு பகுதி வருகிறது. நான் மயங்கவே இல்லை.