பா நோய்

வாசலில் செருப்பைக் கழற்றிய கையோடு அண்ணன் மகள் ஓடிவந்து, கைகளைக் கட்டிக்கொண்டு அம்மாவின் முன்னால் தலை குனிந்து நின்றாள். வழியெல்லாம் சொல்லிப் பழகியதை உரக்கச் சொன்னாள்: “பா நோய்!”

அப்பா புற்றுநோயில் இறந்து ஒரு வருடம்கூட ஆகாத வீடு. அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. வியட்நாமில் செருப்புக் கம்பெனி வேலைக்குப் போன அண்ணன், அங்கேயே ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, மனைவி மகளுடன் எங்கள் எறையூருக்கு வந்தது அதுவே முதல் முறை.

“அப்பாவப் பெத்தவங்கள அவங்க அப்படித்தான் கூப்புடுவாங்கம்மா. பான்னா பாட்டி, நோய்னா உள்ள. நம்ம வூட்டு ஆளுன்னு அர்த்தம். அம்மாவப் பெத்தவங்களத்தான் வெளியன்னு சொல்லுவாங்க” என்று அண்ணன் கெஞ்சாத குறையாக விளக்கினான்.

“அர்த்தம் என்னவா இருந்தா எனக்கென்ன? தாலியறுத்து நிக்கிறவளப் பாத்து நோயிங்குது. இனிமே அந்தப் பேச்சு இந்த வூட்டுல கூடாதுன்னு சொல்லு.”

அண்ணிக்குத் தமிழ் தெரியாது, முகம் புரிந்தது. நான், நீ என்று வெறுமனே பேசுவது அவர்கள் வழக்கமில்லையாம். உறவைச் சொல்லித்தான் வாயையே திறக்க வேண்டும். என்னை ‘எம்’ என்றார், தங்கை. தன்னைச் ‘சி’ என்றார், அக்கா. குழந்தை பிறந்தபின் மருமகளும் மாமியாரைக் குழந்தை அழைப்பதுபோலவே அழைப்பாளாம். அந்தச் சொல் பறிபோனதால் அம்மாவிடம் அவர் பேசவே இல்லை. திமிர் என்றாள் அம்மா.

இரண்டு வருடம் கழித்து அண்ணன் அங்கேயே மாரடைப்பில் போனான். உடலோடு வந்த அண்ணியின் பக்கத்தில், அவர்கள் முறைப்படி தலையில் வெள்ளைத்துணி கட்டிக் குழந்தை நின்றது. “அன்னிக்கே நோயின்னு வாயெடுத்துச்சே, எம்புள்ளயக் கொண்டுபோயிடுச்சே” என்று அதைக் கைகாட்டி அம்மா அழுதாள். கூடியிருந்த பெண்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அண்ணி காரியம்வரை இருக்கவில்லை. யாரும் இருக்கச் சொல்லவும் இல்லை.

பல வருடம் ஓடிவிட்டது. இப்போது அம்மா படுக்கையில். பேத்தியைப் பார்க்க வேண்டுமென்று நச்சரித்ததால் போன வாரம் வீடியோ காலில் அழைத்தேன். அண்ணியோடு அவ்வப்போது பேசிப் பேசி அவர்கள் மொழி எனக்குக் கொஞ்சம் புரியும். அண்ணனின் நெற்றியோடு ஒரு பெண் வந்து நின்றாள்.

“தங்கம், அப்பத்தா பேசுறேன்டா” என்று அம்மா போனைத் தடவினாள்.

அவள் திரும்பித் தன் அம்மாவிடம் கேட்டாள். அண்ணி கொஞ்சம் யோசித்தார். பிறகு, “மே கோ” என்றார்.

“என்னடி சொல்றாங்க?”

வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை.

“இது யாருன்னு கேட்டா. அத்தையோட அம்மான்னு சொல்லிட்டாங்க.”