ஒட்டிக்கொண்ட இரண்டு பரிசல்கள்

ஜேடர்பாளையத்துப் பரிசல்காரன் சடையனின் பெண்டாட்டி சின்னாயிக்குப் பிறந்த வீடு ஆற்றுக்கு அக்கரை. கூடப்பிறந்தவர் அண்ணன் காளியண்ணன் ஒருவர்தான். அவரும் அதே துறையில் பரிசல் ஓட்டினார். சந்தைநாளில் யார் முறை என்று வந்த சண்டையில் மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு வருசமாகப் பேச்சில்லை. வைகாசியில் மகள் ராசாத்திக்குக் கல்யாணம். தாய்மாமன் சீர் இல்லாமல் பெண்ணை எப்படி மணவறையில் உட்கார வைப்பது என்று சின்னாயிக்குச் சோறு இறங்கவில்லை.

மேட்டூர் அணை கட்டி முடித்த மறுவருசச் சித்திரை அது. வெயில் கொளுத்தியது. பரிசலின் தோலுக்குத் தார் காய்ச்சிப் பூசுவது சின்னாயிதான். வெடிப்பு விழாதிருக்க அந்தமுறை விளக்கெண்ணெயைத் தாராளமாகவே விட்டிருந்தாள். பூசிய பரிசலைக் கரையில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நடுப்பகலில் சூறைக்காற்று கிளம்பியது. அண்ணன் தன் பரிசலை இக்கரையில் விட்டுவிட்டுப் பரமத்திக்குப் போயிருக்க, அது மணலில் உருண்டது. அண்ணன் பிழைப்பாயிற்றே என்று அதை இழுத்துவந்து தங்கள் பரிசல்மேல் கவிழ்த்து, நாலு கல்லையும் தூக்கி வைத்தாள்.

சாயங்காலம் அண்ணன் வந்து கல்லை இறக்கிவிட்டுத் தூக்கினால் இரண்டும் சேர்ந்தே எழும்பின. வெயிலில் இளகிய தார், கல்லின் பாரத்தில் மேல்பரிசலின் மூங்கில் பின்னலுக்குள் ஏறிப் பிடித்துக்கொண்டது. சடையனும் ஓடிவந்தான். முகம் பார்க்காமல் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.

“உன் ஊட்டுக்காரர் பரிசல் எம்படதை முழுங்கிப்போட்டுதுன்னு சொல்லு, சின்னாயி” என்றார் அண்ணன்.

“உங்கண்ணன்துதான் மேல ஏறி உக்காந்திருக்குதுன்னு நீ சொல்லு புள்ளே” என்றான் சடையன்.

மூங்கில் முறுகியது.

“ரெண்டு பேரும் கையை எடுங்க. தோலு கிழிஞ்சிரும். சூட்டுல ஒட்டுனது, ஆறுனாத்தான் உடும்” என்றாள் சின்னாயி.

ஆற்றுத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாள். மற்றவர் என்ன செய்துவிடுவாரோ என்று இருவரும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. கம்பஞ்சோறும் மோரும் அங்கேயே வந்தன. ஒரே சட்டிச் சோற்றைத் தின்றுவிட்டு, பரிசலுக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாகப் படுத்தார்கள்.

விடியலில் ஆற்றுக்குளிர் இறங்கித் தார் இறுகியிருந்தது. சின்னாயி துடுப்பால் விளிம்பைச் சுற்றித் தட்டத் தட்ட, பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்தது. அண்ணன் ஒரு பக்கம் தூக்க, மறுபக்கத்தைச் சடையன் தன்னாலே பிடித்தான்.

“மெல்ல, மாப்பிள்ளை. உங்க பக்கம் இன்னும் உடலீங்க.”

சடையன் விரலை விட்டு நெம்பினான். “இப்பத் தூக்குங்க, மச்சான்.”

பரிசல் தனியே வந்தது. ஒரு தையல்கூடப் போகவில்லை. காளியண்ணன் அதைத் தண்ணீரில் விட்டு, ஒழுகுகிறதா என்று பார்த்தார். பிறகு தங்கையிடம் திரும்பினார்.

“சீர்த்தட்டெல்லாம் ஒரு பரிசல்ல அடங்காது சாமி. அன்னைக்கு உங்களுதையும் அக்கரைக்கு அனுப்பி உடறியா?”

சின்னாயி வாயைத் திறக்குமுன் சடையன் சொன்னான்: “நானே வாரேனுங்க, மச்சான்.”