நீடாமங்கலம் பஃபர்

நெல் ஆலைகளில் உமி நீக்கும் ரப்பர் ரோல் வார்ப்பது என் தொழில். நீடாமங்கலத்தில் ரப்பரை அச்சில் அழுத்தும் பிரஸ் இரண்டு, வேலைக்கு நான்கு பேர். அங்கேதான் பட்டுக்கோட்டைத் தேங்காய் வியாபாரி ஒருவர் தம் வெளிநாட்டுக் காரில் வந்து இறங்கினார். அறுபது வயதைத் தாண்டிய சொகுசுக் கார்.

அதன் சஸ்பென்ஷனில் பஃபர் என்று ஒரு ரப்பர் கட்டி உண்டு. சக்கரம் பள்ளத்தில் விழும்போது இரும்போடு இரும்பு மோதாமல் தாங்குவது அது. நான்கும் பொடிந்துகொண்டிருந்தன. புதிது எங்கும் கிடைக்கவில்லை. கூட வந்த சென்னை மெக்கானிக், கழற்றிய ஒன்றை என் மேசைமேல் வைத்தார்.

"இதே அளவு, இதே கெட்டி. அப்படியே காப்பி எடுத்துக் குடுங்க."

"இது அமுங்கி அமுங்கிக் குட்டையாயிடுச்சுங்க. காய்ஞ்சு கல்லாவும் போயிருக்கு. கெட்டுப்போனதை எதுக்குக் காப்பி எடுக்கணும்? சக்கரத்துக்கு எவ்வளவு எடை வருதுன்னு பாப்போம். நானே புதுசா வரைஞ்சு தர்றேன்."

அவர் வியாபாரியைப் பார்த்துச் சிரித்தார். "நெல்லு அரைக்கிற ரப்பர் செய்யறவங்க, காருக்கு டிசைன் பண்ணப் போறாங்களாம்."

சுருக்கென்றது. பக்கத்து நெல் ஆலைக்குக் காரை விடச் சொன்னேன். நெல் லாரி இறங்கியதும் எடைமேடையில் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றினோம், அப்புறம் பின்சக்கரங்களை. அந்த எடையை வைத்து வரைந்தேன். கூம்பு வடிவம், இடுப்பில் ஒரு பள்ளம். முதலில் இளகி அமுங்கும், போகப் போக இறுகித் தாங்கும்.

முதல் செட் தோற்றது. ரயில்வே கேட்டைத் தாண்டும்போது முதுகில் உலக்கையால் இடித்த மாதிரி இருந்தது. பின்சீட்டில் இருந்தவள் நான்தான்.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் மெக்கானிக்.

தப்பு என்னுடையது. ரோலுக்குப் பழகிய கை, கலவையைக் கெட்டியாகக் கலந்துவிட்டது. அதை அவர்களிடமே சொன்னேன். ஆனால் வரைபடத்தை மாற்ற மாட்டேன் என்றும் சொன்னேன். கலவையை மட்டும் இளக்கி மறுபடி வார்த்தேன். இந்த முறை வெண்ணாற்றங்கரை ரோட்டில் போய்த் திரும்பினோம். பள்ளம் எதுவும் முதுகில் தெரியவில்லை. வியாபாரி இறங்கும் நேரத்தில், "இன்னொரு தடவை போலாங்களா?" என்று கேட்டார்.

இரண்டு வாரம் கழித்து மெக்கானிக் தனியாக வந்தார். பேச்சில் மரியாதை கூடியிருந்தது.

"இந்த மாதிரி வண்டி நிறைய என் கைவசம் இருக்குங்க. அச்சுல அந்தக் கார் கம்பெனி பேரை மட்டும் பொறிச்சிடுங்க. ஒரிஜினல்னே போயிடும்."

"வரைஞ்சது நான். பேர் போட்டா எங்க ஊர் பேர்தான் போடுவேன்."

"நீடாமங்கலம்னு போட்டா எவன் வாங்குவான்?"

"வாங்காதவங்க வாங்க வேண்டாங்க."

டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வரவில்லை. மறுநாளே அச்சைக் கொண்டுபோய் ஊர் பேரைத் தமிழில் வெட்டச் சொன்னேன். எழுத்து ரொம்பப் பொடிசாக வரும், இங்கிலீஷில் போடலாமே என்றார் அச்சு வெட்டுகிறவர். முடியாது என்றேன்.

வியாபாரி சொல்லி ஒருசிலர் நேராக வந்து வாங்கிப் போகிறார்கள். ஒருவர் தமிழ் எழுத்தைப் பார்த்து, "இது லோக்கல் சாமானாச்சே" என்று திருப்பி அனுப்பினார். ஆமாம், லோக்கல்தான். அச்சை நான் மாற்றவில்லை.