கவுண்டரில் விட்டுப்போன பழைய பாக்கிங்

1. ஷட்டர் இறங்கிய பகல்

வில்லியனூரில் எங்கள் டூவீலர் ஸ்பேர்ஸ் கடையின் கவுண்டரில் நான் உட்கார ஆரம்பித்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் பட்டப்பகலில் ஷட்டரை இறக்கிவிட்டு நான் கிளம்பியது ஒரே ஒரு நாள்தான். சாவுக்கும் இல்லை, கல்யாணத்துக்கும் இல்லை. ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் பேஸ் பாக்கிங்குக்காக.

கடை என் மாமனார் ஆரம்பித்தது. கணவர் சரக்கு எடுக்கச் சென்னைக்கும் பாண்டிக்கும் அலைவார். கவுண்டர் என் பொறுப்பு. நான் ஒரு எஞ்சினைக் கையால் கழற்றியதில்லை. ஆனால் கழற்றுகிறவர்கள் பேசுவதை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தால் காது பாதி மெக்கானிக் ஆகிவிடுகிறது. டேங்கின் ஸ்டிக்கரைச் சொன்னால் போதும், எந்த வருட மாடல், எந்த சாமான், எந்தத் தட்டில் இருக்கிறது என்று பார்க்காமலேயே சொல்லிவிடுவேன். சுத்துக்கேணியிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள், அக்காவிடம் கேட்டால் சரியாக இருக்கும் என்று. அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தப்பு அங்கேதான் தொடங்கியது.

அன்று காலை சேகர் வந்தார். நாற்பது வயதிருக்கும். பஞ்சாலையில் வேலை பார்த்தவர். ஆலை மூடிய பிறகு மடுகரையில் ரைஸ் மில்லுக்கு எதிரே ஒரு ஷெட் போட்டு மெக்கானிக் வேலை தொடங்கியிருந்தார். பஞ்சர், பிரேக் ஷூ, ஆயில் மாற்றுவது என்று ஆறு மாதம் ஓட்டிவிட்டு, முதன்முதலாக ஒரு எஞ்சினைப் பிரித்திருந்தார். பழைய நூறு சிசி வண்டி. பிளாக்குக்கும் அதன் அடியிலிருக்கும் கிரேங்க் கேஸுக்கும் நடுவில், பேஸ் பாக்கிங் என்ற மெல்லிய அட்டை உட்காரும் இடத்தில், ஆயில் கசிவு. வண்டிக்காரர் கோதண்டபாணி என்று அந்த ஊர்க் கரும்பு விவசாயி. "மில்லுல நூல் சுத்தனவன் எஞ்சின் கழட்டறானாம்" என்று டீக்கடையில் சொல்லிவிட்டு, அதே வாயோடு வண்டியையும் கொண்டுவந்து விட்டிருக்கிறார். இந்த வண்டி நன்றாக ஓடினால் ஊரே தன்னிடம் வரும், நின்றுபோனால் மறுபடி பஞ்சர்தான் என்று சேகரே சொன்னார்.

டேங்க் ஸ்டிக்கரை வைத்து மாடலைச் சொன்னார். முழு பாக்கிங் செட்டை எடுத்துப் போட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு செய்தித்தாள் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே பழைய பேஸ் பாக்கிங், நாலு துண்டாக. பிளேடு வைத்துச் சுரண்டி எடுத்தது. துண்டுகளை ஒட்ட வைத்துப் பார்க்க முயன்றார். அவருக்குப் பின்னால் ஐந்தாறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"அக்கா, இதுல ஸ்டட் ஓட்டை ஒன்னு பெருசா இருக்குதுக்கா. புதுசுல அந்தப் பக்கம் சின்னதா இருக்குது."

"பழசு அப்படித்தாம்பா இருக்கும். ஆயில்ல ஊறிக் கிழிஞ்சி பெருசாயிடும். புதுசு இப்படித்தான் வரும், எடுத்துனு போ."

அவர் நகரவில்லை. இன்னொரு தடவை துண்டைத் தூக்கிப் பார்த்தார். முதல் எஞ்சினா என்று நான் சிரித்துக்கொண்டே கேட்டேன். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். சேகரின் முகம் சிவந்துவிட்டது. செட்டை எடுத்துக்கொண்டு வேகமாகப் போனார். பொட்டலம் கவுண்டரிலேயே கிடந்தது.

2. நாலு துண்டு

கூட்டம் குறைந்த பிறகு கவுண்டரைத் துடைக்கும்போது அந்தப் பொட்டலம் கையில் பட்டது. குப்பையில் போடத்தான் எடுத்தேன். எதற்கோ கவுண்டர் கண்ணாடி மேல் துண்டுகளைப் பரப்பிச் சேர்த்துப் பார்த்தேன். சேகர் சொன்ன ஓட்டை பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் அதன் விளிம்பு கிழியவில்லை. பஞ்ச் அடித்த மாதிரி சுத்தமாக, வட்டமாக இருந்தது. கிழிந்து பெரிதான ஓட்டைக்கு இப்படி ஒரு விளிம்பு இருக்காது.

தட்டிலிருந்து, சேகர் சொன்னதற்கு முந்தைய மாடலின் செட்டை இறக்கி, பேஸ் பாக்கிங்கை எடுத்துத் துண்டுகளின் மேல் வைத்தேன். அச்சாகப் பொருந்தியது.

விஷயம் இதுதான். அந்தப் பழைய மாடலில் எஞ்சினின் உச்சியான ஹெட்டுக்குப் போகிற ஆயில், பிளாக்கை இறுக்கிப் பிடிக்கும் நீள போல்ட்டான ஸ்டட்களில் ஒன்றை ஒட்டிய வழியாகத்தான் மேலே ஏறும். அதற்காக அந்த ஒரு ஓட்டையைப் பெரிதாக விட்டிருப்பார்கள். அடுத்த மாடலில் ஆயில் வழியை எதிர்ப்பக்க ஸ்டட்டுக்கு மாற்றிவிட்டார்கள். மற்றபடி இரண்டு பாக்கிங்கும் ஒன்றுபோல இருக்கும், எதை வைத்தாலும் உட்கார்ந்துகொள்ளும். கசிவும் நிற்கும், வண்டியும் ஸ்டார்ட் ஆகும், சத்தமும் சுத்தமாக இருக்கும். மேலே மட்டும் ஒரு சொட்டு ஆயில் போகாது. சில நாள் ஓடும். அப்புறம் ஹெட்டுக்குள் ஓயாமல் அசைகிற கேம், ராக்கர் எல்லாம் தேய்ந்து ஹெட்டே போய்விடும். கோதண்டபாணி வண்டியில் டேங்க் புது மாடல், எஞ்சின் பழைய மாடல். யாரோ எப்போதோ எஞ்சினை மாற்றி வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பழைய வண்டிகளில் இது புதிதே இல்லை. எனக்குத் தெரியாததும் இல்லை.

சேகரின் போன் நம்பரை நான் வாங்கியிருக்கவில்லை. பழைய மாடல் செட்டைப் பையில் போட்டு, ஷட்டரை இறக்கிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

ஏம்பலம் தாண்டி ஒரு கரும்பு டிராக்டர் முன்னால் போனது. சாலை முழுக்க அதன் லோடுதான், முந்த வழியில்லை. அதன் பின்னாலேயே ஊர்ந்துகொண்டிருந்தபோது எனக்கு ஒரு எண்ணம் வந்தது. திரும்பிப் போய்விட்டால் யாருக்குத் தெரியும்? எஞ்சின் போனால் மெக்கானிக்கைத்தான் திட்டுவார்கள். பாக்கிங் விற்ற கடையை எவனும் நினைக்க மாட்டான். இந்த எண்ணம் வந்ததற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். வரவே இல்லை என்று எழுதினால் பொய்.

3. துடைத்துவிட்டுப் பாருங்கள்

நான் போய்ச் சேர்ந்தபோது வண்டி ஷெட் வாசலில் ஓடிக்கொண்டிருந்தது. சுற்றி நாலைந்து பேர். கோதண்டபாணி சீட்டில் உட்கார்ந்து மெதுவாக ஆக்சிலரேட்டரைத் திருகிக்கொண்டிருந்தார். சத்தம் அவ்வளவு அழகாக இருந்தது. சேகர் பழந்துணியில் கை துடைத்துக்கொண்டு நின்றார். காலையில் என் கடையில் சிவந்த முகம் இப்போது வேறு மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்கத்தான் நான் வந்திருந்தேன்.

முதலில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். தப்பான பாக்கிங் கொடுத்துவிட்டேன், ஹெட்டுக்கு ஆயில் ஏறாது, பிரிக்க வேண்டும் என்றேன். யாரும் நம்பவில்லை. வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்றார் கோதண்டபாணி. சேகர் ஹெட்டின் மேலிருக்கும் டாப்பெட் மூடியைக் கழற்றி உள்ளே விரலை விட்டு எடுத்தார். விரல் ஆயிலில் பளபளத்தது.

"ஏறுதேக்கா."

"அது நீங்க மாட்டும்போது ஊத்தின ஆயிலு. ராக்கரத் துடைச்சிட்டு ஓட விட்டுப் பாருங்க."

கவுண்டரில் எத்தனையோ மெக்கானிக்குகள் பேசிக் கேட்டது. என் வாழ்நாளில் அந்தக் கேள்வி ஞானம் உருப்படியாக உதவியது அன்றுதான். சேகர் சுத்தமான துணியைச் சுருட்டி ராக்கரைத் துடைத்தார். மூடியைத் திறந்தே வைத்துவிட்டு வண்டியை ஐடிலில் ஓட விட்டார். நல்ல எஞ்சின் என்றால் ஒரு நிமிடத்துக்குள் ராக்கர் நனைந்துவிடும். இரண்டு நிமிடம் நின்றோம். அவர் வண்டியை அணைத்துவிட்டு விரலை விட்டார். வெளியே எடுத்த விரலைச் சட்டையில் தேய்க்கக்கூடத் தேவைப்படவில்லை. காய்ந்திருந்தது.

கோதண்டபாணி வண்டியிலிருந்து இறங்கினார். என்னைப் பார்க்கவில்லை, சேகர் பக்கம் திரும்பினார்.

"அவங்க குடுத்தா நீ அப்படியே மாட்டிடுவியா? இன்னாத்துக்குக் கண்ணு வச்சினு இருக்கற? பாத்துக் கேக்கத் தெரியாதா உனக்கு?"

சேகர் குனிந்து டாப்பெட் மூடியைக் கையில் எடுத்தார். கேட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் முன்னால் சொல்ல அவருக்குக் கூச்சம், அல்லது சொன்னால் யார் நம்புவார்கள் என்ற அலுப்பு.

"அவரு கேட்டாருங்க," என்றேன். "பழச எடுத்துனு வந்து, ஓட்டையக் காட்டித்தான் கேட்டாரு. நான்தான் அத்தன பேர் முன்னால கிண்டல் பண்ணி அனுப்பினேன். தப்பு அவருது இல்ல."

அங்கே நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஊரில் இதற்கப்புறம் என் பேச்சு எப்படி விலைபோகும் என்று தெரிந்துதான் சொன்னேன். சேகர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மறுபடி எல்லாவற்றையும் இறக்கினார். பிளேடு அலுமினியத்தில் கோடு போடாதபடி சாய்த்துச் சுரண்டி, பெட்ரோலில் துடைத்து, பாக்கிங் வைக்கும் முன் ஆயில் வழியில் ஒரு கம்பியை விட்டுப் பார்த்து, நட்டுகளைக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். பொறுமையான கை. காலையில் நான் சிரித்தது இந்தக் கையைப் பார்த்துத்தான். சாயங்காலம் டாப்பெட் மூடியைத் திறந்து ஓட விட்டபோது ஆயில் பொங்கிக் கோதண்டபாணியின் வேட்டியில் தெறித்தது. அவர் திட்டவில்லை.

4. இப்போது

அந்த வண்டி இன்னும் ஓடுகிறது. சேகர் ஷெட்டில் இப்போது வாரத்துக்கு இரண்டு எஞ்சினாவது பிரிந்து கிடக்கும்.

நான் கற்றது சின்ன விஷயம்தான். டேங்கைப் பார்த்து பாக்கிங் கொடுக்காதீர்கள், எஞ்சினைக் கேளுங்கள். பழசு நூறு துண்டாக இருந்தாலும் கொண்டுவரச் சொல்லுங்கள், புதிதின் மேல் வைத்து ஒவ்வொரு ஓட்டையாகப் பாருங்கள். ஒருவர் இரண்டாவது தடவை தூக்கிப் பார்க்கிறார் என்றால், அவர் கண்ணில் ஏதோ பட்டிருக்கிறது.

சேகர் இன்றும் என் கடைக்குத்தான் வருகிறார். ஆனால் நான் எடுத்துக் கொடுக்கும் எந்தப் பாக்கிங்கையும் அப்படியே வாங்கமாட்டார். கவரைப் பிரித்து, பழசைப் புதிதோடு சேர்த்துப் பிடித்து, கடை வாசலுக்குப் போய் வெயிலில் தூக்கிப் பார்ப்பார். எத்தனை பேர் காத்திருந்தாலும் அவசரப்படமாட்டார். முதல் சில மாதங்கள் அது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

போன வாரமும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காட்டேரிக்குப்பத்திலிருந்து வந்த ஒருவர் பொறுமை இழந்து, அக்கா குடுத்தா கரெக்டாத்தான் இருக்கும், இன்னா அவ்ளோ நேரம் பாக்கற என்றார். சேகர் திரும்பவில்லை. நான்தான் சொன்னேன்.

"பாக்கட்டும்பா. ஒரு தடவ நான் பாக்க வுடல."